ஊரில்லாத் தீவின் பெயர்கள்: மணிமேகலையில் மணிபல்லவமும் அதன் புனித இடங்களும்

ஆய்வுச் சுருக்கம்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் கதைப்போக்கைத் திருப்பும் இடமாக அமைவது மணிபல்லவத் தீவு. இத்தீவு எது என்னும் வினாவே இதுவரையான ஆய்வுகளில் முதன்மை பெற்றுள்ளது. நயினாதீவு, யாழ்ப்பாணக் குடாநாடு, கிழக்குக் கடல் தீவு எனப் பல விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. இக்கட்டுரை அவ்வினாவைச் சற்றே ஒதுக்கி, தீவில் உள்ள இடங்களுக்குக் காப்பியம் இட்ட பெயர்களை முதலில் ஆராய்கிறது. புகார் நகரைப் பாடும்போது ஊரார் வழங்கும் பெயரையும் சமயப் பெயரையும் பிரித்துக் காட்டும் காப்பியம், மணிபல்லவத்தில் புனிதப் பெயர்களை மட்டுமே தருகிறது. இவ்வேறுபாட்டின் துணையுடன் மகாவம்சத்தின் நாகதீபம், வல்லிபுரப் பொன்னேடு, நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு ஆகியவற்றோடு மணிபல்லவத்தை ஒப்பிட்டு, பெயர்களின் அடுக்குகளைப் பிரித்தறிய வேண்டியதன் தேவையைக் கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச் சொற்கள்: மணிபல்லவம், மணிமேகலை, தரும பீடிகை, கோமுகி, நாகதீபம், நயினாதீவு, இடப்பெயராய்வு, தமிழ்ப் பௌத்தம்

1. முன்னுரை

இடப்பெயர் என்பது மக்கள் ஓரிடத்தோடு கொண்ட உறவின் பதிவு. மரம், நீர்நிலை, மண்ணின் தன்மை, தொழில், குடி, தெய்வம் ஆகியவற்றின் அடிப்படையில் மக்கள் தம் வாழிடங்களுக்குப் பெயரிடுகின்றனர். இலக்கியம் படைக்கும் இடங்களுக்கோ புலவனே பெயரிடுகிறான். அப்பெயர் நிலத்தில் வழங்கிய பெயராகவும் இருக்கலாம், சமய மரபு தந்த பெயராகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம். இம்மூன்றையும் வேறுபடுத்தாமல் இலக்கியப் பெயரை நேரடியாக நிலப்படத்தில் பொருத்த முயலும்போது வரலாற்று எழுத்தில் பிழைகள் நேர்கின்றன.

மணிபல்லவம் பற்றிய ஆய்வுகளில் இச்சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. 1898இல் உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த பின் இத்தீவு எங்குள்ளது என்னும் ஆர்வம் அறிஞரிடையே வளர்ந்தது. 1926இல் வெளிவந்த முதலியார் செ. இராசநாயகத்தின் யாழ்ப்பாண வரலாற்று நூல், மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்தோடு இணைத்துப் பேசியது. 1928இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் காப்பியத்தின் வரலாற்றுப் பின்புலம் பற்றித் தனிநூல் எழுதினார். பிற்காலத்தில் பாலா ரிச்மன் (1988), ஆன் மோனியஸ் (2001) ஆகியோர் காப்பியத்தின் சமய வாதத்தையும் அதில் உருவாகும் பௌத்த உலகையும் ஆராய்ந்தனர். எனினும், தீவின் உள்ளிடங்களுக்கு இடப்பட்ட பெயர்களைத் தொகுத்து, அவற்றின் இயல்பிலிருந்து தீவின் தன்மையை அறியும் நோக்கு தனியே வளர்த்தெடுக்கப்பட வேண்டியுள்ளது. அதற்கான தொடக்க முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

காப்பியத்தின் காலம் பற்றிக் கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரை கருத்து வேறுபாடு உண்டு. இக்கட்டுரையின் வாதம் அவற்றுள் எந்த ஒன்றையும் சார்ந்திருக்கவில்லை.

2. காப்பியம் காட்டும் தீவு

முப்பது காதைகள் கொண்ட மணிமேகலையில் மணிபல்லவம் இரு பெரும் பகுதிகளில் இடம்பெறுகிறது. முதற் பகுதி 8ஆம் காதை முதல் 11ஆம் காதை வரையிலானது. உவவனத்தில் இருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று, புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள இத்தீவில் வைக்கிறது. தனித்து விடப்பட்ட அவள் துயருற்று அலைகிறாள். பீடிகையைக் கண்டு முற்பிறப்பை உணர்கிறாள். தெய்வத்திடம் மந்திரங்கள் பெறுகிறாள். இறுதியில் அமுதசுரபியைப் பெறுகிறாள். இரண்டாம் பகுதி 25ஆம் காதை. சாவக நாட்டரசன் புண்ணியராசன் கப்பலேறி இத்தீவுக்கு வந்து, தான் முற்பிறப்பில் ஆபுத்திரனாக இருந்ததை அறிகிறான். இவ்விரண்டுக்கும் இடையே 14ஆம் காதை ஆபுத்திரன் இத்தீவில் உயிர்நீத்த வரலாற்றைக் கூறுகிறது.

இப்பகுதிகளைச் சேர்த்துப் படிக்கும்போது தீவின் நில அமைப்புப் பற்றிச் சில செய்திகள் கிடைக்கின்றன. வெண்மணற் குன்றுகள், பூஞ்சோலைகள், மலர்ப் பொய்கைகள், சங்கும் முத்தும் ஒதுங்கும் கடற்கரை ஆகியன கூறப்படுகின்றன. மணிமேகலை ஒரு காவதத் தொலைவு நடந்து திரிவதாகவும் காப்பியம் கூறுகிறது. இவை நெய்தல் நிலத்துக்குப் பொதுவான வருணனைகளே. அவள் கண்ட குன்றுக்கோ சோலைக்கோ கடற்கரைக்கோ பெயர் இல்லை.

தீவில் மக்கள் வாழ்ந்ததாகக் காப்பியம் காட்டவில்லை என்பது இதனினும் முதன்மையான செய்தி. துயருற்ற மணிமேகலை மனிதர் எவரையும் சந்திக்கவில்லை. அவளோடு உரையாடுவோர் மணிமேகலா தெய்வமும் தீவதிலகையுமே. ஆபுத்திரனின் முடிவும் இதனை உறுதிப்படுத்துகிறது. உண்பாரின்றி அமுதசுரபி பயனற்றுப் போனதால் அவன் பஞ்சம் நிலவிய சாவகத்துக்குக் கப்பலேறுகிறான். காற்றின் கடுமையால் கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் கரையிறங்கியதை அறியாது கப்பல் புறப்பட்டுவிடுகிறது. பிறர்க்கு உணவளிக்க வந்த பாத்திரத்தைக் கொண்டு தன்னுயிரை மட்டும் பேண மனமின்றி அவன் உண்ணாநோன்பிருந்து இறக்கிறான். தீவில் ஊர் ஒன்று இருந்திருப்பின் இக்கதையே நிகழ்ந்திராது. ஊரில்லாமை இங்குக் கதையின் அடிப்படைத் தேவையாகிறது.

அதே வேளையில் மணிபல்லவம் கடல்வழியிலிருந்து ஒதுங்கிய தீவும் அன்று. சாவகம் செல்லும் கப்பல் அங்குத் தங்குகிறது. நாகநாட்டு இளவரசி பீலிவளை பீடிகையை வழிபட அங்கு வருகிறாள். சோழன் நெடுமுடிக்கிள்ளிக்குத் தான் பெற்ற மகனை, அங்கு வந்த கம்பளச் செட்டியின் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாள். அக்கப்பல் கவிழ்கிறது, குழந்தையை இழந்த மன்னன் இந்திர விழாவை மறக்கிறான், புகார் கடல்கோளுக்கு இரையாகிறது. ஆக, மக்கள் குடியிராத, ஆனால் வணிகரும் வழிபடுவோரும் வந்து செல்லும் தீவாகவே காப்பியம் மணிபல்லவத்தைப் படைத்துள்ளது.

3. பெயர் பெற்ற இடங்கள்

3.1 தரும பீடிகை

தீவின் நடுநாயகமாக விளங்குவது புத்த பீடிகை. மூன்று முழ உயரமும் நாற்புறமும் ஒன்பது முழ அகலமும் கொண்டு, நடுவே தாமரைப் பீடம் விளங்க ஒளிவீசுவதாக அது வருணிக்கப்படுகிறது. மரங்கள் அதன்மேல் நறுமலரன்றிப் பிறவற்றை உதிர்ப்பதில்லை. பறவைகளும் அதனருகே சிறகடிப்பதில்லை. இந்திரன் இட்ட அப்பீடத்தைத் தமதெனக் கூறி நாகநாட்டு மன்னர் இருவர் எடுக்க முயன்று இயலாது போரிட்டனர். புத்தர் தோன்றிப் போரை விலக்கி, அதில் அமர்ந்து அறம் உரைத்தார். அதனைக் காண்போர் தம் முற்பிறப்பை உணர்வர் என்பது அதன் சிறப்பு.

தீவில் அளவு கூறப்படும் இடம் இது ஒன்றே. நிலத்தின் அளவையோ கரையின் நீளத்தையோ கூறாத காப்பியம், பீடத்தை முழக்கணக்கில் அளந்து கூறுகிறது. பயணி ஒருவன் நினைவில் நிற்கும் அளவு இது. குடியிருப்பவன் அறியும் அளவு வேறு.

3.2 தீவதிலகை

பீடிகையைக் காக்குமாறு இந்திரனால் நியமிக்கப்பட்ட தெய்வம் தீவதிலகை. இப்பெயரின் பொருள் தீவின் திலகம் போன்றவள் என்பது. தீவின் பெயரும் தெய்வத்தின் பெயரும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. புகாருக்குச் சம்பாபதி எப்படியோ அப்படியே மணிபல்லவத்துக்குத் தீவதிலகை. ஆயின் சம்பாபதி மக்கள் வாழும் நகரின் காவல் தெய்வம். தீவதிலகை காப்பது ஒரு பீடத்தையே. புதிதாக வருவோர்க்கு இடங்களின் வரலாற்றைக் கூறும் பணியும் அவளுடையதாகிறது. ஊர் முதியோர் இல்லாத தீவில் தலவரலாறு கூறுவதற்கு ஒரு தெய்வம் தேவைப்படுகிறது.

3.3 கோமுகிப் பொய்கை

பீடிகைக்கு எதிரே அமைந்த பொய்கை கோமுகி எனப்படுகிறது. பசுவின் முகம் என்னும் பொருளுடைய இப்பெயர் வடிவம் பற்றியது. பிச்சையேற்று வாழ்ந்த ஆபுத்திரனுக்கு மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபி, அவன் இறக்கும் முன் இப்பொய்கையில் விடப்பட்டது. ஆண்டுக்கொரு முறை புத்தர் பிறந்த வைகாசி விசாக நாளில் அது நீர்மேல் தோன்றி, உயிரோம்பும் அறமுடையார் கைக்குச் செல்லும் என்பது ஏற்பாடு.

ஆபுத்திரன் பிறந்த உடன் தாயால் கைவிடப்பட்டுப் பசுவால் ஏழு நாள் பாலூட்டிக் காக்கப்பட்டவன். வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை விடுவித்தமைக்காக ஊரால் விலக்கப்பட்டவன். அவனுடைய பாத்திரம் பசுமுகம் என்னும் பெயருடைய பொய்கையில் அடைக்கலம் புகுவது தற்செயல் எனத் தோன்றவில்லை. இப்பெயர் நில அமைப்பைச் சுட்டுவதோடு கதைமாந்தனின் வாழ்வையும் நினைவூட்டுகிறது. இத்தகைய பொருத்தம் புலவன் தேர்ந்து இட்ட பெயருக்கு, அல்லது தேர்ந்து பயன்கொண்ட பெயருக்கு, உரியது.

3.4 புன்னை நிழலும் என்புகளும்

புண்ணியராசனும் மணிமேகலையும் கோமுகிக் கரையில் புன்னை மர நிழலில் அமர்ந்திருக்கத் தீவதிலகை தோன்றுகிறாள். ஆபுத்திரனின் என்புகளையும், அவனைத் தேடி வந்து அங்கேயே உயிர்துறந்த ஒன்பது செட்டிகளின் என்புகளையும் காட்டுகிறாள். மணலில் புதைந்த தன் பழைய உடலை அரசன் காண்கிறான். காப்பியத்தின் மிகச் செறிவான காட்சிகளுள் இஃது ஒன்று. எனினும் இவ்விடத்துக்குப் பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. மக்கள் வாழும் நிலத்தில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றே ஓர் இடப்பெயரைத் தோற்றுவிக்கப் போதுமானது. மணிபல்லவத்தில் அப்பெயரை வழங்குவோர் இல்லை.

3.5 சமந்தம்

மணிபல்லவத்துக்கு அப்பாலும் ஒரு புனித இடம் சுட்டப்படுகிறது. 11ஆம் காதையில் தீவதிலகை, இத்தீவுக்கு அயலிலுள்ள இரத்தின தீவத்தில் சமந்தம் என்னும் மலையுச்சியில் புத்தரின் திருவடிச் சுவடு உள்ளதாகக் கூறுகிறாள். பிறவிக் கடலைக் கடக்க உதவும் நாவாயாக அச்சுவடு உருவகிக்கப்படுகிறது. 28ஆம் காதையில் இதே மலை இலங்கா தீவத்துச் சமனொளி எனப்படுகிறது. ஒரே மலைக்கும் ஒரே நாட்டுக்கும் ஒரே நூலில் இருவகைப் பெயர்கள் வழங்குகின்றன. இம்மலை இன்று தமிழில் சிவனொளிபாதமலை எனப்படுகிறது. சமனொளி, சிவனொளி ஆகியவற்றின் ஒலி ஒற்றுமை, பழைய பெயரின் ஓசை நின்று சமயப் பொருள் மாறும் இயல்பைக் காட்டுவதாகக் கருதத்தக்கது.

4. ஊர்ப்பெயரும் புனிதப் பெயரும்

மேற்கண்ட பெயர்களின் தனித்தன்மை, அவற்றைப் புகாரின் பெயர்களோடு ஒப்பிடும்போதே தெளிவாகிறது.

ஓரிடத்துக்கு இருபெயர் வழங்கக்கூடும் என்பதை அறிந்து அதனையே கதைப்பொருளாக்கியவர் சாத்தனார். 6ஆம் காதையான சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இதற்குச் சிறந்த சான்று. ஊரார் அனைவரும் சுடுகாட்டுக் கோட்டம் என வழங்கும் இடத்தை மணிமேகலா தெய்வம் சக்கரவாளக் கோட்டம் எனக் குறிப்பிடுகிறது. அப்பெயர் ஏன் என்று சுதமதி வினவுகிறாள். சுடுகாட்டில் அஞ்சி இறந்த சார்ங்கலன் என்னும் சிறுவனின் கதையும், அவன் தாய் கோதமையின் துயரும், தேவர்கள் கூடிய அந்நிகழ்ச்சியின் நினைவாக மயன் சமைத்த சக்கரவாள வடிவமும் விடையாகக் கூறப்படுகின்றன. பயன்பாட்டால் அமைந்த ஊர்ப்பெயர் ஒன்று. நினைவால் அமைந்த புனிதப் பெயர் மற்றொன்று. ஊர்ப்பெயர் பிழையானது எனத் தெய்வம் கூறவில்லை. அதன் அடியில் மறைந்துள்ள வரலாற்றையே எடுத்துக்காட்டுகிறது.

பதிகத்திலும் இதே நோக்கு உண்டு. சம்பாபதியின் பெயரால் விளங்கிய நகரம், காவிரி வந்தபின் அவள் பெயரையும் பெற்றமை கூறப்படுகிறது. பழைய பெயரும் புதிய பெயரும் பகையின்றி அடுத்தடுத்து நிற்கின்றன.

இந்நோக்குடைய புலவர் மணிபல்லவத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயரையே தருகிறார். தரும பீடிகை, கோமுகி, தீவதிலகை ஆகிய மூன்றும் வடமொழிச் சார்புடைய பெயர்கள். மணிபல்லவம் என்பதன் பல்லவம் தளிர் என்னும் பொருளுடைய வடசொல். -துறை, -பாக்கம், -காடு, -குறிச்சி போன்ற ஈறுகளைக் கொண்ட பெயர் ஒன்றுகூட இத்தீவில் இல்லை. புகாரில் மருவூர்ப் பாக்கம், பட்டினப்பாக்கம் முதலிய பெயர்கள் காப்பிய மரபில் வழங்குவதோடு இதனை ஒப்பிட வேண்டும். பெயரிடும் மக்கள் இல்லாத நிலத்தில் ஊர்ப்பெயர் தோன்ற வழியில்லை. ஆகவே மணிபல்லவம் புனிதப் பெயர்கள் மட்டுமே கொண்ட தீவாக அமைகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றுண்டு. மணிபல்லவத்தின் பெயர்கள் ஒரு நிலத்தின் குடிகளிடமிருந்து பெறப்பட்டவை என்பதற்குக் காப்பியத்துள் சான்றில்லை. அவை கடல்வழி வழிபாட்டு மரபிலிருந்து, அல்லது புலவரின் படைப்பிலிருந்து வந்தவை. அவற்றைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட ஊரின் தொன்மையை நிறுவ முயல்வது முறையாகாது.

5. நாகதீபமும் மணிபல்லவமும்

பாலி மொழியில் அமைந்த மகாவம்சத்தின் முதல் அதிகாரம், புத்தர் இலங்கைக்கு மும்முறை வந்ததாகக் கூறுகிறது. இரண்டாம் வருகை நாகதீபத்துக்கானது. மகோதரன், சூளோதரன் என்னும் நாக மன்னர் இருவர் மணிகள் இழைத்த அரியணைக்காகப் போரிட்டனர்; புத்தர் அவர்களை அமைதிப்படுத்தினார். இந்நிகழ்ச்சியும் மணிமேகலையின் பீடிகை வரலாறும் ஒரே மரபின் இரு வடிவங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகள் கவனத்துக்குரியவை.

முதலாவது, மகாவம்சத்தில் மன்னர்கள் மாமனும் மருமகனும் ஆவர். அரியணை குடும்ப வழி உரிமைப் பொருள். மணிமேகலையில் பீடம் இந்திரன் இட்டது. இருவருக்கும் அதில் உரிமையில்லை. அவர்களால் அதனைப் பெயர்க்கவும் இயலவில்லை. இரண்டாவது, மகாவம்சத்தில் சமித்திசுமனன் என்னும் தேவன் தான் தங்கிய இராசாயதன மரத்தைக் குடையாகப் பிடித்து வருகிறான். அம்மரமும் அரியணையும் வழிபாட்டுக்குரியனவாக அங்கு நிறுவப்படுகின்றன. மணிமேகலையில் அம்மரம் இல்லை. காவல் தெய்வம் பெண். மூன்றாவது, மகாவம்சம் நாகதீப வருகையை இலங்கையின் புனித வரலாற்றுத் தொடரில் ஒரு கண்ணியாக வைக்கிறது. அடுத்த வருகை களனிக்கும் சுமனகூடத்துக்கும் செல்கிறது. மணிமேகலையிலோ பீடிகையின் பயன் ஒரு தனிமனிதர் தம் முற்பிறப்பை உணர்தலும், அதன் வழியே பசிப்பிணி தீர்க்கும் அறத்தில் இறங்குதலும் ஆகும். பீடிகைக்கு எதிரே உள்ள பொய்கையிலிருந்து உணவுப் பாத்திரம் தோன்றுவது தமிழ்க் காப்பியத்துக்கே உரிய இணைப்பு.

நான்காவது வேறுபாடு பெயரைப் பற்றியது. மகாவம்சம் மணிபல்லவம் என்னும் பெயரை அறியவில்லை. மணிமேகலை நாகநாடு என்று பேசினும், மணிபல்லவத்துக்கு நாகதீவம் என்னும் பெயரை வழங்கவில்லை. கதை ஒன்றாக, பெயர்கள் வேறாக நிற்கின்றன. கதையின் ஒற்றுமையைக் கொண்டு இரு பெயர்களையும் ஒரே நிலத்தின் பெயர்களாக உடனே கொள்வதற்கு இவ்வேறுபாடு தடையாகிறது.

நாகதீபம் என்னும் பெயரின் பரப்பையும் இங்கு நோக்க வேண்டும். தேவானம்பிய தீசன் நாகதீபத்தில் சம்புகோள விகாரையை அமைத்ததாக மகாவம்சம் கூறுகிறது. போதி மரக்கிளை வந்திறங்கிய அத்துறை, குடாநாட்டின் வடகரையில் மாதகலை அடுத்த சம்புத்துறையோடு இணைக்கப்படுகிறது. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் இசிகிராயன் என்பான் நாகதீவை ஆண்டபோது பியகுகதிசன் ஒரு விகாரையை அமைத்ததைக் கூறுகிறது. இதனைப் பரணவிதான வெளியிட்டார். வல்லிபுரம் குடாநாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ளது. எனவே தொடக்க நூற்றாண்டுகளில் நாகதீபம் என்பது குடாநாடு முழுவதையும் தழுவிய நிலப்பெயர். அது சிறு தீவு ஒன்றின் பெயராகச் சுருங்கியது பின்னைய வளர்ச்சி.

6. அடையாளம் காணும் முயற்சிகள்: ஒரு மதிப்பீடு

மணிபல்லவம் எது என்பதற்குக் கூறப்படும் மூன்று விடைகளையும் காப்பியத்தின் அகச்சான்றுகளால் சோதிக்கலாம்.

கிழக்குக் கடல் தீவு என்னும் கருத்துக்குச் சாவகப் பயணமும், பீடத்துக்குப் போரிட்ட நாகர்களின் நாட்டைக் காப்பியம் கீழ்நிலம் எனக் குறிப்பதும் ஆதாரமாகக் காட்டத்தக்கவை. ஆனால் கீழ்நிலம் என்பது கிழக்கையும் குறிக்கலாம், கீழுலகையும் குறிக்கலாம். இரத்தின தீவம் அயலில் உள்ளது என்னும் தீவதிலகையின் கூற்றும், புகாருக்குத் தெற்கு என்னும் திசைக் குறிப்பும் இக்கருத்துக்கு எதிரானவை. நாகர் என்னும் பெயரும் இடத்தை உறுதிசெய்யாது. 16ஆம் காதையில் கப்பல் கவிழ்ந்த சாதுவன் சென்றடையும் மலையில் வாழும் ஆடையற்ற நாகரும், பீலிவளை பிறந்த அரச குடியினரான நாகரும், பீடத்துக்குப் போரிட்ட நாகரும் ஒரே காப்பியத்தில் மூவேறு வகையினராகக் காட்டப்படுகின்றனர்.

யாழ்ப்பாணக் குடாநாடு என்னும் கருத்து நாகதீப மரபால் வலுப்பெறுகிறது. ஆயினும் விகாரைகளும் துறைகளும் ஆட்சியாளரும் கொண்ட நிலமாகப் பொன்னேடும் மகாவம்சமும் காட்டும் நாகதீபம், உண்பார் ஒருவரும் இல்லாத மணிபல்லவத்தோடு பொருந்தவில்லை. பல்லவ மரபினரின் பெயரை மணிபல்லவத்திலிருந்து பெறும் முயற்சி சொல்லொப்புமையை மட்டுமே நம்பியது. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நயினாதீவு என்னும் கருத்துக்குத் திசை துணை செய்கிறது. பூம்புகாருக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, 170 கிலோமீட்டர் அளவான தொலைவில் இத்தீவு உள்ளது. யோசனையைப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவினதாகக் கொள்ளின் முப்பது யோசனை 360 கிலோமீட்டர் ஆகும்; இது பொருந்தவில்லை. யோசனையின் அளவு நூலுக்கு நூல் மாறுவதாலும், முப்பது என்பது முழு எண்ணாதலாலும் தொலைவைக் கொண்டு ஏற்பதோ மறுப்பதோ இயலாது. தீவு சிறியது, கடல்வழியை ஒட்டியது, பெருந்தீவுக்கு அயலது என்னும் மூன்று கூறுகள் பொருந்துகின்றன. ஆனால் இக்கூறுகள் பாக்கு நீரிணைப் பகுதியின் வேறு தீவுகளுக்கும் பொருந்தும்.

ஆக, அகச்சான்றுகள் ஒரு கடற்பரப்பைச் சுட்டுகின்றன. ஒரு தீவை உறுதியாகச் சுட்டவில்லை. சோழக் கரைக்கும் இலங்கையின் வடகரைக்கும் இடைப்பட்ட, கப்பல்கள் தங்கவும் கவிழவும் கூடிய கடல் அது. கடலில் தவிக்கும் அறவோரைக் காக்கும் மணிமேகலா தெய்வத்தைச் சங்க சாதகமும் மகாசனக சாதகமும் அறியும். கோவலனின் முன்னோன் ஒருவனை அத்தெய்வம் கடலில் காத்ததாகச் சிலப்பதிகாரமும் கூறுகிறது. இக்கடலில் பயணம் செய்தோரின் அச்சமும் நம்பிக்கையும் கூடி உருவாக்கிய தீவாக மணிபல்லவத்தைக் கொள்வதே சான்றுகளோடு பொருந்துவதாகும்.

7. நயினாதீவின் பெயர் அடுக்குகள்

மணிபல்லவத்தை நயினாதீவோடு உறுதியாக இணைக்க இயலாமை, நயினாதீவின் பெயர் வரலாற்றை மதிப்பிழக்கச் செய்வதில்லை. காப்பியத் தீவில் இல்லாத ஒன்று இங்கு உண்டு: பெயரிடும் மக்கள்.

தீவின் தமிழ்ப் பெயரில் உள்ள நயினார் என்பது தலைவன், இறைவன் என்னும் பொருளில் வழங்கும் சொல். நாகத்தை இறைவனாகக் கொண்ட வழிபாட்டோடு இப்பெயர் இணைத்து விளக்கப்படுகிறது. சிங்களத்தில் இத்தீவு நாகதீப எனப்படுகிறது. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இன்று இச்சிறு தீவில் உள்ளன. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரே படகில் இரு வழிபாட்டிடங்களுக்கும் மக்கள் செல்கின்றனர்.

கோயிலின் தலமரபு ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. புளியந்தீவிலிருந்து அம்மனுக்கு மலர் ஏந்திக் கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் தடுத்தது. அவ்வழியே வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருவன் குறுக்கிட்டு நாகத்தைக் காத்து, கோயில் எழுப்பினான். நாகம் சுற்றிய கல் பாம்பு சுற்றிய கல் எனவும், கருடன் அமர்ந்த கல் கருடன் கல் எனவும் வழங்குகின்றன. இருவரின் பகை, அதனை விலக்கும் மூன்றாமவர், புகாரின் தொடர்பு ஆகிய கூறுகள் பீடிகைக் கதையை நினைவூட்டுகின்றன. ஆனால் பகை விலக்குபவர் புத்தர் அல்லர், வணிகர். இடங்களின் பெயர்கள் வடமொழிப் புனிதப் பெயர்கள் அல்ல, கண்டோர் எளிதில் சொல்லும் தமிழ்ப் பெயர்கள். சாத்தனார் காட்டிய சுடுகாட்டுக் கோட்டம் போன்ற ஊர்ப்பெயர்கள் இவை. பழைய கதையமைப்பு புதிய தெய்வத்தோடும் புதிய பெயர்களோடும் வாழும் முறைக்கு இஃது எடுத்துக்காட்டாகலாம்.

வரலாற்றுச் சான்றாக இத்தீவில் நிற்பது முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்பதும், யானையும் குதிரையும் கொணரும் கப்பல் கவிழ்ந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்பதும், வணிகப் பொருள் கொணரும் கப்பல் கவிழ்ந்தால் செம்பாதி உரியது என்பதும் அதன் செய்தி. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் ஆணை பொறித்தமை, இக்கடற்பகுதியின் மொழிவழக்கையும் வணிகத் தொடர்பையும் காட்டுகிறது. கம்பளச் செட்டியின் கப்பல் கவிழ்ந்ததும் இத்தகைய கடலிலேயே. காப்பியத்தில் வினைப்பயனாகவும் தெய்வச் செயலாகவும் கூறப்பட்ட ஒன்று, கல்வெட்டில் பங்கு பிரிக்கும் சட்டமாகிறது.

ஐரோப்பியர் ஆட்சி மற்றோர் அடுக்கைச் சேர்த்தது. ஒல்லாந்தர் நயினாதீவை ஹார்லெம் எனவும், புங்குடுதீவை மிடில்பர்க் எனவும், காரைதீவை ஆம்ஸ்டர்டாம் எனவும், அனலைதீவை ராட்டர்டாம் எனவும், நெடுந்தீவை டெல்ஃப்ட் எனவும் தம் நாட்டு நகரங்களின் பெயரால் அழைத்தனர். அவற்றுள் டெல்ஃப்ட் மட்டுமே இன்றும் பரவலாக வழங்குகிறது. மக்கள் நாவில் பிற தீவுகளின் பழைய பெயர்கள் நிலைத்தன. ஆட்சியாளர் இட்ட பெயர் நிலைப்பதற்கு ஆணை மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

மணிபல்லவம் என்னும் பெயர் இன்று நயினாதீவுக்குரிய பெருமைப் பெயராக வழங்குகிறது. காப்பியம் அச்சேறி, அடையாள விவாதங்கள் பரவிய பின்னர் வழங்கும் பெயரைக் காப்பிய காலத்துக்குச் சான்றாகக் காட்டுதல் வட்ட வாதமாகும். அதனை 20ஆம் நூற்றாண்டின் இலக்கிய மீட்டுருவாக்கத்தோடு இணைத்து ஆராய்வதே பொருந்தும்.

8. முடிவுரை

மணிபல்லவம் பற்றிய ஆய்வில் மூவகைப் பெயர்கள் கலந்துள்ளன. மணிபல்லவம், கோமுகி, தரும பீடிகை என்பன காப்பியத்தின் புனிதப் பெயர்கள். நாகதீபம் என்பது வரலாற்றேடும் பொன்னேடும் வழங்கிய நிலப்பெயர். நயினாதீவு, ஊராத்துறை, பாம்பு சுற்றிய கல் என்பன மக்கள் வழங்கிய பெயர்கள். இம்மூன்றும் ஒரே கடற்பரப்பைச் சார்ந்தவை. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று மொழிபெயர்ப்பு அன்று.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நாகதீபம் என்னும் பெயர் ஒரு சாராரின் உரிமைச் சான்றாகவும், மணிபல்லவம் என்னும் பெயர் மறுசாராரின் எதிர்ச்சான்றாகவும் முன்வைக்கப்படும் சூழலில், தமிழில் பௌத்த காப்பியம் ஒன்று இருந்தது என்னும் உண்மையே இருதரப்பிலும் மங்கிப்போகிறது. பௌத்தப் புனித இடம் எனில் தமிழரோடு தொடர்பற்றது எனக் கொள்வோரையும், தமிழ் நிலம் எனில் பௌத்தத்தோடு தொடர்பற்றது எனக் கொள்வோரையும் மணிமேகலை ஒருங்கே மறுக்கிறது. பீடத்தைத் தமதெனக் கொண்டு பெயர்க்க முயன்ற மன்னர் இருவரும் தோற்றதாகக் கூறும் காப்பியத்தை உரிமை வழக்கின் ஆவணமாகப் பயன்படுத்துவது அதன் பொருளுக்கே முரணானது.

இனி மேற்கொள்ள வேண்டிய பணி, யாழ்ப்பாணத் தீவுகளின் சிறு இடப்பெயர்களைக் களத்தில் தொகுப்பதாகும். வயல், கிணறு, துறை, கல், மரம், கோயில் ஆகியவற்றின் பெயர்களை மக்களிடமிருந்து பெற்றுக் கல்வெட்டு, காணி ஆவணங்கள், ஒல்லாந்தர் கால நிலப்படங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். போரும் இடப்பெயர்வும் தீவுகளின் குடித்தொகையைக் குறைத்துள்ள நிலையில், அப்பெயர்களை அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே இப்பணி நிகழ்தல் வேண்டும். ஊர்ப்பெயரே இல்லாத தீவைக் காப்பியம் கற்பனை செய்து காட்டியது. பெயர்கள் நிறைந்த தீவுகள் அந்நிலையை அடையாமல் காப்பது ஆய்வுலகின் கடமை.